டிராகன் எப்படிக் குரல் கொடுக்கும்?

('இல்லாததைக் கற்பனை செய்வது பிள்ளைகளின் அறிவை வளர்க்கிறதா, நேரத்தை வீணாக்குகிறதா?' என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், 'அறிவை வளர்க்கிறது' என்ற அணியில் பேசியவரின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "உள்ளதைப் படிக்கவே நம் பிள்ளைகளுக்கு நேரம் போதவில்லை. இதில் இல்லாததை வேறு கற்பனை செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஏனென்றால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் நான். அந்த முப்பது ஆண்டும் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. வேறு யாருமில்லை, என் பேத்தி.

கோடிட்ட இடம்

2024 பிப்ரவரியில் வந்த சீனப் பெருநாள் உங்களுக்கு நினைவிருக்கும். அது டிராகன் ஆண்டு. நாம் தமிழில் கடல்நாகம் என்றும் சொல்கிறோம். அன்று மாலை என் பேத்தி ஒலிமரபுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சிங்கம் முழங்கும். யானை பிளிறும். குதிரை கனைக்கும். மயில் அகவும். ஆந்தை அலறும். ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு வினைச்சொல் வைத்திருக்கிறது நம் மொழி. நாய் பிளிறியது என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். நான் எத்தனையோ வட்டம் போட்டவன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மேளச் சத்தம். எங்கள் தாமான் கடைவரிசைக்கு டிராகன் நடனக் குழு வந்திருந்தது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் வந்து எங்களோடு நின்றார். இளைஞர்கள் கழிகளில் டிராகனைத் தூக்கிக்கொண்டு வளைந்தும் சுழன்றும் ஓடினார்கள். பெரிய முரசு, தொங்குமணி, தாளத்தட்டு எல்லாம் சேர்ந்து முழங்கின.

பேத்தி என் சட்டையை இழுத்தாள். "தாத்தா, டிராகன் வாயைத் திறந்துகிட்டே இருக்கு. ஆனா அதோட சத்தமே வரலையே? யானை பிளிறும்னா, டிராகன் என்ன செய்யும்?"

நடுவர் அவர்களே, முப்பது ஆண்டு ஒலிமரபு நடத்தியவன் திருதிருவென விழித்தேன். பிறகு சமாளித்துக்கொண்டு, திரைப்படத்தில் பார்த்ததுபோல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு "க்ர்ர்ரா!" என்று கத்திக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். மலாயில் சொன்னார்: "அது புலி கத்துவது. டிராகன் அப்படிக் கத்தாது."

இல்லாத ஒரு பிராணியின் குரலை நான் தப்பாகக் கத்திவிட்டேன் என்கிறார் அவர்! அப்படியானால் சரியான குரல் ஒன்று இருக்கிறதா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இந்த அரங்கில் வைக்கிறேன்.

கர்ஜனையைச் சமைத்தவர்கள்

முதலில் நான் கத்திக் காட்டிய குரலை எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது? 1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அதில் வரும் பெரிய டைனோசர் வாயைத் திறந்ததும் அரங்கமே அதிர்ந்தது. அந்த ஒலியை அமைத்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம். அவர் என்ன செய்தார் தெரியுமா? யானைக்குட்டி ஒன்றின் வீரிடலை எடுத்தார். அதோடு புலியின் உறுமலையும் முதலையின் குரலையும் கலந்தார். அதே படத்தில் சின்ன டைனோசர்கள் ஒன்றையொன்று கூப்பிடும் ஓசை எது தெரியுமா? ஆமைகள் ஜோடி சேரும்போது எழுப்பும் ஒலி! நாம் பயந்துபோய் நாற்காலியின் நுனிக்கு வந்தோமே, ஆமைக்குத் தெரிந்தால் வெட்கப்படும்.

அதற்கும் முன்னால், 1954இல் ஜப்பானியர்கள் 'காட்சில்லா' எடுத்தார்கள். கடலிலிருந்து எழுந்து வரும் பூதம். டிராகனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குரலுக்காக முதலில் விலங்குகளின் ஒலிகளைத்தான் முயன்றார்கள். பொருந்தவில்லை. படத்தின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே ஒரு வழி கண்டார். பெரிய டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்திகளைத் தளர்த்தினார்கள். பைன் மரப் பிசின் தடவிய தோல் கையுறையால் அந்தத் தந்திகளைத் தேய்த்து இழுத்தார்கள். வந்த ஒலியைப் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டார்கள். காட்சில்லா பிறந்துவிட்டது.

இந்தத் தேய்க்கிற விஷயத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவேன்.

செம்புத் தட்டும் மூங்கில் குழலும்

அடுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதைத் தேடிப் போனேன். அவர் சொன்னது சரிதான். சீன மொழியில் 'ஹூ ஷியாவ், லோங் யின்' என்று ஒரு வழக்கு உண்டு. புலி கர்ஜிக்கும், டிராகன் இசைக்கும் என்பது அதன் பொருள். 'யின்' என்றால் பாட்டை ராகம் இழுத்து ஓதுவது, முனகிப் பாடுவது. பாருங்கள்! நம்மிடம் ஒலிமரபு இருப்பதுபோல் அவர்களிடமும் இருக்கிறது. நம் பட்டியலில் இல்லாத பிராணிக்கு அவர்களிடம் வினைச்சொல்லே இருக்கிறது!

லி ஷிஷென் என்ற மருத்துவ அறிஞர் எழுதிய மாபெரும் மூலிகை நூல் 1596இல் அச்சில் வந்தது. அதில் டிராகனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதன் குரல் செம்புத் தட்டைத் தட்டியதுபோல் இருக்கும் என்கிறார். அவருக்கும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் மா ரோங் என்ற புலவர். குழலைப் பற்றி அவர் ஒரு நெடும்பாடல் இயற்றினார். தண்ணீருக்குள் ஒரு டிராகன் குரல் கொடுத்ததாம். கேட்டவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. மூங்கிலை வெட்டி ஊதிப் பார்த்தார்களாம். அதே குரல் வந்ததாம். அப்படிப் பிறந்ததுதான் குழல் என்கிறது அந்தப் பாடல்.

இன்னொன்றும் உண்டு. டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள் என்பது சீனர்களின் கதை. அதில் ஒரு பிள்ளையின் பெயர் பூலாவ். அது திமிங்கலத்தைக் கண்டால் பயந்து அலறுமாம். அதனால் பெரிய மணிகளின் தலையில், தொங்கவிடும் வளையமாகப் பூலாவைச் செதுக்கினார்கள். மணியை அடிக்கும் மரத்தைத் திமிங்கல வடிவில் செய்தார்கள். திமிங்கலம் இடிக்க, டிராகன் பிள்ளை அலற, மணியோசை ஊரெல்லாம் கேட்கும். இன்னொரு பிள்ளைக்கு இசை என்றால் உயிர். அதைத் தந்தி வாத்தியங்களின் தலையில் செதுக்கினார்கள். நம் தஞ்சாவூர் வீணையின் முனையில் யாளி முகம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஜப்பானில் நிக்கோ என்ற ஊரில் தோஷோகு என்னும் பெரிய வழிபாட்டுத் தலம் இருக்கிறது. அங்கே ஒரு மண்டபத்தின் கூரையில் டிராகன் ஓவியம். அதற்கு 'அழும் டிராகன்' என்று பெயர். டிராகனின் தலைக்கு நேர்கீழே நின்று இரண்டு கட்டைகளைத் தட்டினால், கூரைக்கும் தரைக்கும் இடையே அந்த ஓசை மாறிமாறி மோதி, மணி குலுங்குவதுபோல் நீண்டு ஒலிக்கும். இரண்டடி தள்ளிப்போய்த் தட்டினால் வெறும் கட்டைச் சத்தம்தான். 1961இல் அந்த மண்டபம் தீயில் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். ஓவியத்தையும் மறுபடி வரைந்தார்கள். டிராகனின் குரலும் திரும்பி வந்தது.

இப்போது சொல்லுங்கள். யாரும் கேட்காத ஒரு குரல். மேல்நாட்டுத் திரைப்படக்காரர் அதில் புலியைக் கேட்டார். சீன மருத்துவர் செம்பைக் கேட்டார். புலவர் குழலைக் கேட்டார். ஜப்பானியர் மணியைக் கேட்டார். டிராகனை எதிரியாக நினைத்தவனுக்கு அது உறுமியது. மழை தரும் தெய்வமாக நினைத்தவனுக்கு அது பாடியது. டிராகனுக்கு நாம் கொடுக்கும் குரல், டிராகனைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

கணக்குப் போட்டால்?

"கதையெல்லாம் சரி, இதில் அறிவு எங்கே இருக்கிறது?" என்று எதிரணித் தோழி ஒருவர் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. வருகிறேன் அம்மா, அறிவியலுக்கே வருகிறேன்.

ஒரு முனை அடைத்த குழலில் எழும் அடிநாதத்தைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு. ஒலியின் வேகத்தைக் குழலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். டிராகனின் நீண்ட கழுத்தில் 5 மீட்டர் நீளத்துக்கு மூச்சுக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். 340ஐ 20ஆல் வகுத்தால் 17. அதாவது விநாடிக்கு 17 அதிர்வு. மனிதக் காது பொதுவாக விநாடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது. ஆகவே அந்த டிராகனின் அடிக்குரல் நம் காதுக்கே எட்டாது!

எட்டாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? 1984இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விலங்குக் காட்சிச் சாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்று துடிப்பதுபோல் உடம்பில் ஏதோ உணர்ந்தார். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில், ஆர்கனின் மிகப் பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நின்று பாடியபோது இதே துடிப்பை உணர்ந்தது அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் போய்ப் பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓடவிட்டுக் கேட்டார்கள். யானைகள் நமக்குக் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்தன! நாம் 'யானை பிளிறும்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டோம். யானை அதற்கும் மேலே எவ்வளவோ பேசுகிறது.

சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் ஒரு முதலை இனம் உண்டு. அந்த மக்கள் அதை 'மண் டிராகன்' என்றே அழைத்திருக்கிறார்கள். அது கூட்டமாகச் சேர்ந்து முழங்கும். அதன் அமெரிக்கச் சொந்தம் முழங்கும்போது, நம் காதுக்கு எட்டாத அதிர்வினால் அதன் முதுகுமேல் இருக்கும் தண்ணீர் துள்ளி ஆடும். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் இருட்டில் அந்த முழக்கத்தைக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத டிராகனை நினைத்திருக்கக் கூடாதா?

இன்னும் ஒன்று. 1995இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு டைனோசரின் மண்டையோடு கிடைத்தது. தலையில் நீண்ட கொண்டை. கொண்டைக்குள் மூச்சுக் குழாய்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தாரும் சாண்டியா ஆய்வுக்கூடத்தாரும் அதைக் கணினியில் படமெடுத்து, குழாய்களின் வடிவத்தை அளந்து, அது எப்படிக் குரல் கொடுத்திருக்கும் என்று 1997இல் ஒலியாகவே உருவாக்கிக் காட்டினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அடங்கிப்போன குரல். அந்த விஞ்ஞானிகள் கேட்டதும் என் பேத்தி கேட்டதும் ஒரே கேள்விதான்: "அது என்ன செய்யும்?"

பரணில் இருந்த உறுமி

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். இன்னும் ஒரே ஒரு செய்தி சொல்லி முடித்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

என் அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலையில் பால்வெட்டு. மாலையில், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றால், கையில் உறுமி. உறுமியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை அடிக்க மாட்டார்கள், வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். அதில்தான் அந்த உறுமல் பிறக்கிறது. காட்சில்லாவுக்குக் கையுறையால் தந்தியைத் தேய்த்தார்களே, அதே வித்தைதான். தோக்கியோவில் 1954இல் கண்டுபிடித்ததை என் அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அது பெருமையாக இருந்ததில்லை. படித்து, ஆசிரியராகி, பட்டணத்துக்கு வீடு மாறி வந்தபோது அப்பா உறுமியையும் கொண்டு வந்தார். "ஆசிரியர் வீட்டில் இது எதற்கு?" என்று பரணில் ஏற்றினேன். ஒருநாள் எடுத்து வாசித்தார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார். பிறகு அவர் அதைத் தொடவேயில்லை. அவர் இறந்தபின், பரணைச் சுத்தம் செய்தபோது யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டேன். யாருக்குக் கொடுத்தேன் என்பதுகூட இப்போது நினைவில்லை.

2025 பிப்ரவரியில் தைப்பூசம் வந்தது. பேத்தியோடு பத்துமலைக்குப் போனேன். ஒரு காவடிக்கு முன்னால் உறுமி மேளக்குழு வந்தது. கூட்டம் நெருக்கியதால் நாங்கள் அவர்களுக்கு மிக அருகில் நின்றோம். உறுமி முழங்க ஆரம்பித்ததும் பேத்தி தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, உள்ளுக்குள்ள நடுங்குது. இதுதான் டிராகன்!"

ஒரு வருடமாக அந்தக் கேள்வியை அவள் மறக்கவில்லை. சீனப் புத்தகத்திலும் அமெரிக்க ஆய்வுக்கூடத்திலும் நான் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ, தன் பூட்டன் வாசித்த வாத்தியத்தில் கண்டுபிடித்தாள். அப்படி ஒருவர் வாசித்தார் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அன்று இரவுதான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த உறுமி எங்க தாத்தா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பயிற்சித் தாளை எடுத்து, கடைசியில் அவளே ஒரு வரி எழுதினாள். 'டிராகன் உறுமும்.' முன்பு இருந்த ஆசிரியராக இருந்தால், உறுமுவது புலிக்கு உரியது என்று வட்டம் போட்டிருப்பேன். இந்த முறை சரி போட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். டிராகன் இசைக்கும் என்பவர் ஆயிற்றே, மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "உங்கள் வீட்டு டிராகன் அப்படி. எங்கள் வீட்டு டிராகன் இப்படி. இரண்டும் ஒரே தாமானில்தானே இருக்கின்றன" என்றார். முரசுச் சத்தம் இரைச்சல் என்று நம்மில் சிலர் முணுமுணுக்கிறோம். உறுமிச் சத்தம் இரைச்சல் என்று வேறு சிலர் முணுமுணுக்கிறார்கள். அது எதன் குரல் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் போதும், காது வேறு மாதிரி திறந்துகொள்ளும்.

எதிரணி நண்பர்களே, நேரம் வீணாகிறது என்றீர்கள். ஒரு கோடிட்ட இடத்தை நிரப்பப் போய், அந்தக் குழந்தை ஒலியைப் பற்றித் தெரிந்துகொண்டாள், யானையைப் பற்றித் தெரிந்துகொண்டாள், பக்கத்து வீட்டாரின் மொழியில் ஒரு தொடரைத் தெரிந்துகொண்டாள், தன் பூட்டனைத் தெரிந்துகொண்டாள். இத்தனையும் இல்லாத ஒரு பிராணி கொடுத்தது. உள்ளதை மட்டும் படித்த நான், வீட்டில் இருந்த உறுமியையே தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பிள்ளை, "டிராகன் எப்படிக் கத்தும்?" என்று கேட்டால், தயவுசெய்து என்னைப்போல் உடனே கத்திக் காட்டாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பதில் வர ஒரு வருடம்கூட ஆகலாம்.

தீர்ப்பை நடுவர் அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.